என் வகுப்பில் ஐந்து பேர்

1989-இல் பத்தாம் வகுப்பு முடித்தபோது எடுத்த குரூப் போட்டோ என் கிளினிக்கில், மருந்து வைக்கும் ஃபிரிட்ஜுக்கு மேலே மாட்டியிருக்கிறது. 44 பேர். அம்பாசமுத்திரத்துக்கும் சேரன்மகாதேவிக்கும் இடைப்பட்ட ஊர்களிலிருந்து வாய்க்கால் கரையோடு நடந்தும் சைக்கிள் மிதித்தும் வந்தவர்கள். முப்பது வயதைத் தொடுவதற்குள் ஐந்து பேர் போய்விட்டார்கள். ஆறாவதாக ஒருவனும் உண்டு. அவன் அம்மா இருக்கும்வரை அவனைப் பற்றி எழுதமாட்டேன்.

வருஷத்துக்கு ஒருமுறை கூடுகிறோம். சாப்பாட்டுக்கு முன்னால் இறந்தவர்களின் பெயரைச் சொல்லி எழுந்து நிற்போம். "நல்ல பய, கொடுத்து வைக்கல" என்று யாராவது சொல்வார்கள், உட்கார்ந்துவிடுவோம். எதனால் செத்தான் என்ற பேச்சு மட்டும் வராது. எனக்கு அதில்தான் குறை. அவர்களைக் கொண்டுபோனவை இன்றைக்கும் என் கிளினிக் வாசலில் வந்து நிற்கின்றன.

போட்டோவில் மேல் வரிசையில் காது விடைத்துக்கொண்டு நிற்பவனை எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்த வருஷம், பிசானத்துக்கு நடவு நடந்துகொண்டிருந்த ஐப்பசி. விடிகாலையில் எழுந்து வயிறு வலிக்கிறது என்றான். சுக்குக் கசாயம் கொடுத்தார்கள். வாந்தி எடுத்தான். கண் சொருகியது, ராத்திரி தூக்கமில்லை போல என்று நினைத்தார்கள். குடித்த தண்ணீர் மூக்கு வழியாக வந்தபோதுதான் பயந்து, பக்கத்து ஊரில் வேப்பிலை அடிப்பவரிடம் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். உச்சிப்பொழுதுக்குள் முடிந்துவிட்டது. காத்து அடித்துவிட்டது என்று ஊரே சொன்னது. நானும் நம்பினேன். அந்த வாய்க்கால் பாலத்தை ராத்திரியில் தனியாகக் கடக்க ரொம்ப நாள் பயந்தேன்.

ஐந்து வருஷம் கழித்து, பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரியில் மாணவனாக வார்டில் நின்றபோது அதே வயிற்றுவலி, அதே சொருகிய கண்ணோடு ஒருவரைக் கொண்டுவந்தார்கள். பேராசிரியர் கேட்ட முதல் கேள்வி: "ராத்திரி தரையிலயா படுத்திருந்தார்?" எனக்குக் கை சில்லிட்டுவிட்டது.

கட்டுவிரியன். எட்டடி விரியன் என்றும் சொல்வார்கள். ராத்திரியில் நடமாடுவது, எலியையோ வேறு பாம்பையோ தேடி வீட்டுக்குள் வரும், பாயில் படுத்திருப்பவர் புரளும்போது கடித்துவிடும். கடித்த இடம் பெரும்பாலும் வீங்காது, வலிக்காது. பல் தடமே தெரியாமல் போகலாம். அதனால்தான் 'பாம்பு கடித்தது' என்று யாரும் வருவதில்லை, 'வயிற்றுவலி' என்று வருகிறார்கள். விஷம் நரம்பு தசையோடு பேசும் இடத்தை அடைக்கிறது. முதலில் இமை, அப்புறம் தொண்டை, கடைசியில் மூச்சு. உடம்பு அசையாமல் கிடக்கும்போதும் உள்ளே நினைவு இருக்கலாம். பக்கத்தில் நின்று ஒப்பாரி வைக்கிறவர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

விடிகாலையில் காரணமில்லாத வயிற்றுவலியோடு, தரையில் படுத்த ஆள் வந்தால் நான் செய்வது ரொம்ப எளிது. மேலே பார்க்கச் சொல்வேன், இமை தூக்குகிறதா என்று. ஒரே மூச்சில் ஒன்று, இரண்டு என்று எண்ணச் சொல்வேன். முதலில் இருபது எண்ணியவர் கொஞ்ச நேரத்தில் பத்தில் நின்றால் மூச்சுத்தசை தளர்கிறது என்று அர்த்தம். அதற்குமேல் என் கிளினிக்கில் வைத்திருக்கமாட்டேன். 108-ஐக் கூப்பிட்டு, வென்டிலேட்டர் உள்ள ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுவேன். விஷமுறிவு மருந்து அரசு ஆஸ்பத்திரியில் இலவசம். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நாலுக்கும் ஒரே மருந்துதான். ஆகவே பாம்பை அடித்துப் பையில் போட்டுக் கொண்டுவர வேண்டாம் (கொண்டுவந்திருக்கிறார்கள், ஒருமுறை அது உயிரோடு இருந்தது). கயிறு கட்டுவது, கீறுவது, உறிஞ்சுவது எல்லாம் வீண் வேலை. கட்டில் வாங்க முடியாவிட்டால் கொசுவலையாவது வாங்கி ஓரங்களைப் பாய்க்கு அடியில் செருகிப் படுங்கள்.

முன்வரிசையில் ரெட்டைச்சடை போட்ட பெண்ணின் கதை வேறு. எட்டாவது படிக்கும்போது அவளுக்கு முட்டி வீங்கும், அது சரியாகி மணிக்கட்டு வீங்கும். டிரில் கிளாஸில் மூச்சு வாங்கியபோது வாத்தியார் சோம்பேறி என்றார், நாங்கள் சிரித்தோம். முதல் பிரசவத்தின்போது இறந்தாள். தொண்டைப்புண்ணில் தொடங்கும் ருமாட்டிக் காய்ச்சல் அது. ஐந்து முதல் பதினைந்து வயதுப் பிள்ளைகளுக்கு வந்து இதய வால்வைச் சுருக்கிவிடும். கர்ப்பத்தில் ரத்தம் கூடும்போது சுருங்கிய வால்வு தாங்காது. 21 நாளைக்கு ஒரு பென்சிலின் ஊசி போட்டு வந்தால் மேலும் கெடாமல் தடுக்கலாம். வால்வு பாதித்தவர்களுக்கு 40 வயதுவரைகூடத் தேவைப்படும். முட்டிவலி போனதும் ஊசியை நிறுத்திவிடுகிறார்கள். கல்யாணப் பேச்சு வந்தால் பெண்ணுக்கு ஊசி போடுவதையே மறைக்கிறார்கள்.

மற்ற மூவரில் இரண்டு பேர் பைக்கில், ஹெல்மெட் இல்லாமல். அதற்கு டாக்டர் எழுதித்தான் தெரிய வேண்டுமென்பதில்லை. ஒன்று மட்டும்: தமிழ்நாட்டில் 2021 டிசம்பரிலிருந்து, விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசமாகும் திட்டம் இருக்கிறது. கையில் பணமில்லை என்று அடிபட்டவரை வைத்துக்கொண்டு நிற்காதீர்கள்.

ஐந்தாமவன் ஆற்றில். மணல் அள்ளிய குழி. கரைக்குத் தூக்கி வந்தபோது துடிப்பு இருந்தது என்றுதான் சொன்னார்கள். தலைகீழாகத் தூக்கிச் சுற்றினார்கள், வயிற்றை அமுக்கித் தண்ணீரை வெளியேற்றினார்கள். அவனுக்கு வேண்டியிருந்தது மூச்சு. மூச்சில்லாதவரை மல்லாக்கப் படுக்கவைத்து, மூக்கைப் பிடித்து, வாயோடு வாய் வைத்து ஊத வேண்டும். அப்புறமும் அசைவில்லை என்றால் நடு நெஞ்சை வேகமாக அழுத்த வேண்டும். ஆற்றங்கரை ஊரில் பிறந்த எங்களில் ஒருத்தருக்கும் அன்றைக்கு அது தெரியாது.

காது விடைத்தவனின் அம்மா என்னிடம்தான் பிரஷருக்கு மாத்திரை வாங்குகிறார். போன மாதம் போட்டோவைப் பார்த்துக்கொண்டே, "வயித்துவலின்னுதானய்யா சொன்னான்" என்றார். இத்தனை வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்த நான் அன்றைக்குச் சொல்லிவிட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அன்னைக்குத் திண்ணையில படுக்கப் போனான். பனி விழுதுல, உள்ள வந்து படுன்னு நான்தான் கூப்பிட்டேன்" என்றார்.

"திண்ணைக்கும் அது வரும் அத்தை" என்றேன். உண்மைதான், வரும். மாத்திரைச் சீட்டை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, "வரும் என்னா?" என்று இன்னொரு தடவை கேட்டார்.