ஜாடையில் சொன்னால் புரியாது

"அப்புறம் பார்க்கலாம்" என்று அந்தப் பெண் சொன்னாள். அவன் அதை அப்படியே நம்பினான். மறுநாளிலிருந்து செம்பனை ஆலையில் வேலை முடிந்ததும் மோட்டாரில் நேராகப் பசாருக்குப் போவான். அவள் வேலை செய்யும் கைப்பேசிக் கடைக்கு எதிரே ஆறு மணிக்கெல்லாம் நிற்பான். இப்படி 17 நாள். அடுத்த நாள் அவளுடைய அண்ணன்கள் வந்துவிட்டார்கள்.

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் என் ஆலோசனை அறைக்கு அவனுடைய அம்மா அவனை அழைத்து வந்தபோது உதட்டில் போட்ட தையல்கூடப் பிரித்திருக்கவில்லை. (அடையாளம் தெரியாதபடி எல்லோருடைய விவரங்களையும் மாற்றியே எழுதுகிறேன்.) வயது 29. "ஒரு கால்கட்டு போட்டுட்டா சரியாயிடுவான் இல்ல, மேடம்?" என்றார் அம்மா. அவன் மேசை விளிம்பைத் தடவிக்கொண்டே கேட்டான்: "பிடிக்கலைன்னா பிடிக்கலைன்னு அவங்க ஏன் சொல்லலை?"

அந்தப் பெண்மீது குற்றமில்லை. பயந்துபோயிருப்பாள்; முகத்துக்கு நேரே மறுக்க நம் பெண் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லித் தருவதும் இல்லை. ஆனால் அவன் கேள்வியிலும் நியாயம் இருக்கிறது. காதல், கல்யாணம், உடம்பு என்று எதையும் நாம் ஜாடைமாடையாகத்தான் பேசுகிறோம். அவனுக்கு ஆட்டிசம், அதாவது மூளை பிறவியிலேயே வேறு விதமாக இயங்கும் தன்மை. ஆட்டிசம் உள்ள பலருக்கு ஜாடை பிடிபடாது. ஆலோசகராக நான் பார்க்கும் சிக்கல்களில் பாதி இங்கேதான் ஆரம்பிக்கிறது.

இப்போது அரசாங்க கிளினிக்கில் குழந்தைகளுக்கு 18 மாதத்திலும் 3 வயதிலும் ஆட்டிசத்தின் அறிகுறிகளைக் கண்டறியும் எம்-சாட் கேள்விகள் கேட்டுப் பார்க்கிறார்கள். தோட்டத்து லயத்தில் பிறந்து இன்று முப்பதைத் தாண்டியவர்களுக்கு அந்த வாய்ப்பு ஏது? அஸ்பெர்ஜர் என்று தனியாகச் சொன்னதையும் ஆட்டிசத்தோடு சேர்த்து ஒரே பெயரில் டிஎஸ்எம்-5 என்ற அமெரிக்க மனநல மருத்துவக் கையேடு கொண்டுவந்ததே 2013இல்தான். அதற்குள் இவர்கள் 'ஒரு மாதிரி', 'அழுத்தக்காரன்' என்று பெயர் வாங்கி, பள்ளியை விட்டு, வேலைக்கும் போய்விட்டார்கள்.

"அவனுக்கு அந்த நெனப்பெல்லாம் கிடையாது, பச்சைக் குழந்தை" என்று சொல்லும் பெற்றோரையும் பார்க்கிறேன். பெரும்பாலும் அது உண்மையில்லை. ஆசை எல்லோரையும் போல இவர்களுக்கும் வருகிறது. சிலருக்கு உடலுறவில் நாட்டமே இல்லாமலும் இருக்கலாம். தன்பால் ஈர்ப்பும், தன் பாலினத்தை வேறு விதமாக உணர்வதும் மற்றவர்களைவிட இவர்களிடம் அதிகம் என்று ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. நம் ஊரில் அதை வாய்விட்டுச் சொல்வது எவ்வளவு பயம்! ஒருவர் என்னிடம் அதைச் சொல்லி முடிக்க ஐந்து சந்திப்புகள் ஆயின.

குழந்தை என்று நினைத்துக்கொள்வதால் உடம்பைப் பற்றி யாரும் எதுவும் சொல்லித் தருவதில்லை. "மாமாவுக்கு முத்தம் குடு", "சொன்ன பேச்சைக் கேளு" என்பதை மட்டும் விடாமல் பழக்குகிறோம். பாலியல் வன்முறைக்கு ஆளாகும் ஆபத்து இவர்களுக்கு அதிகம் என்பதை நினைக்கும்போது இந்தப் பழக்கம் எனக்குக் கவலையாக இருக்கிறது. உறுப்புகளின் பெயரைப் பெயராகவே சொல்லுங்கள். எதை அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு செய்யலாம், எதை வெளியில் செய்யக்கூடாது என்று சொல்லுங்கள். 'வேண்டாம்' என்று சொல்லவும், பிறர் சொன்னால் நிறுத்தவும் சேர்த்தே பழக்குங்கள். ஏதாவது நடந்துவிட்டால் அரசாங்கத்தின் உதவித் தொலைபேசியான தாலியான் காசே 15999 எண்ணை எந்த நேரத்திலும் அழைக்கலாம்.

சரி, கல்யாணம். ஓகேயு அட்டை, அதாவது மாற்றுத்திறனாளி அட்டை, இருப்பதாலேயே யாருக்கும் திருமணம் செய்யும் உரிமை போய்விடாது. முஸ்லிம் அல்லாதாருக்கான 1976ஆம் ஆண்டுத் திருமணச் சட்டம், இருவரும் மனமொப்பிச் சம்மதிக்கிறார்களா என்று பதிவாளர் உறுதி செய்துகொள்ள வேண்டும் என்கிறது. ஜாதகத்தைக் காட்டிவிட்டு அந்த அட்டையை அலமாரியில் ஒளித்து வைத்தால், கல்யாணப் பெண் எதற்குச் சம்மதம் சொல்கிறாள்?

அப்படி நடந்த கல்யாணம் ஒன்று நான்காவது மாதத்தில் என்னிடம் வந்தது. "நான் தொட்டாலே உதறுறாரு மேடம், என்னைப் பிடிக்கலை" என்று அந்தப் பெண் அழுதாள். அவருக்கோ மெல்லத் தடவினால் எறும்பு ஊர்வதுபோல இருக்குமாம். அழுத்திப் பிடித்தால் பிடிக்கும். தலையில் மல்லிகை இருந்தால் அந்த வாசனையில் வேறு எதையும் நினைக்க முடியாது. அதைச் சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை, அவளும் கேட்கவில்லை. டேமியன் மில்டன் என்ற ஆய்வாளர், அவரும் ஆட்டிசம் உள்ளவர், 2012இல் இதைத்தான் எழுதினார்: புரியாமை இரண்டு பக்கமும் இருக்கிறது. பள்ளி நோட்டு ஒன்றை வாங்கி, பிடித்ததை ஒரு பக்கமும் பிடிக்காததை மறு பக்கமும் இருவரையும் எழுதச் சொன்னேன். முதல் வாரம் வெட்கப்பட்டார்கள். அப்புறம் இன்னொரு நோட்டு வாங்க வேண்டியதாயிற்று.

பிள்ளைப்பேற்றைப் பற்றிக் கேட்பவர்களிடம் 2020இல் வந்த கேம்பிரிட்ஜ் ஆய்வைச் சொல்வேன். ஆட்டிசம் உள்ள 355 தாய்மாரையும் மற்ற 132 தாய்மாரையும் ஒப்பிட்ட ஆய்வு அது. பிரசவத்துக்கு முன்னும் பின்னும் மனச்சோர்வு, மருத்துவப் பணியாளர்களிடம் பேசுவதில் சிரமம், 'நல்ல தாயில்லை' என்று சொல்லிவிடுவார்களோ என்ற பயம், எல்லாம் இவர்களுக்குத்தான் கூடுதல். பிள்ளையின் தேவையைத் தன் தேவைக்கு முன்னால் வைப்பதில் இவர்கள் குறைந்தவர்கள் இல்லை.

மூத்த மகனுக்கு ஆட்டிசம் என்று தெரிந்து, அவனுக்காகப் படிக்கப் போய், அதில் தன்னையே கண்டுகொண்ட ஒரு தாய் இருக்கிறார். இரண்டாவது குழந்தை அழும் சத்தம் தாங்காமல் காதில் பஞ்சு வைத்துக்கொள்வார். 'கல்நெஞ்சுக்காரி' என்று பேச்சு வந்தது. பால் கொடுத்த நேரத்தை நிமிடம் பிசகாமல் நாட்காட்டியில் குறித்து வைத்திருந்ததை யாரும் பார்க்கவில்லை. "புள்ள அழுவுது" என்பார் மாமியார். "ஆமாங்க அத்தை" என்பார் இவர், இருந்த இடத்திலேயே. அதை வைத்தே வீட்டில் தினம் சண்டை.

மாமியாரை ஒருநாள் வரச்சொல்லி விளக்கினேன். "இது தெரிஞ்சிருந்தா நான் நேராவே சொல்லியிருப்பேனே" என்றார். இப்போதெல்லாம், "அம்மாடி, புள்ளைய தூக்கு, தோள்ல போட்டு முதுகைத் தட்டு" என்கிறாராம். மருமகள் எழுந்து போய்த் தூக்குகிறார். பஞ்சு காதிலேயே இருக்கிறது. மாமியார் அதைப் பற்றி எதுவும் கேட்பதில்லை.