நெற்றிப்பொட்டில் கேட்கும் ஆபத்து

நாலு வயதுக் குழந்தைக்குப் பக்கவாதம் வருமா? வரும். ரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள் போல வளைந்துவிடும் பரம்பரை நோய் ஒன்று உண்டு, அரிவாள் செல் நோய். அதன் கடுமையான வகை உள்ள பிள்ளைகளில், முன்கூட்டியே கண்டறிய வழியில்லாத காலத்தில், 20 வயதுக்குள் ஏறக்குறைய 11 சதவீதம் பேருக்கு வந்தது. (இந்தியாவில் இந்த நோய் முதன்முதலில் பதிவானது நம் நீலகிரிப் பழங்குடி மக்களிடம்தான், 1952இல்.)

வளைந்த செல்கள் போய் நுண்ணிய குழாய்களை அடைப்பதால் கை கால் வலி வருகிறது. பக்கவாதத்தின் கதை வேறு. அதில் பழுதாவது பெரிய குழாய்: கழுத்து வழியாக ஏறும் தமனி மண்டைக்குள் கிளை பிரியும் இடம். 120 நாள் வாழவேண்டிய சிவப்பணு இவர்களிடம் இரண்டு மூன்று வாரங்களில் உடைந்துவிடுகிறது. அதனால் ரத்தசோகை. வளரும் மூளைக்கோ ஆக்சிஜன் பசி அதிகம். பற்றாக்குறையை ஈடுகட்ட ரத்தம் வேகமாக ஓடுகிறது. அந்த ஓட்டமும், சுவரில் ஒட்டும் செல்களும் உட்சுவரைப் புண்ணாக்க, அது தடித்துக் குழாய் குறுகுகிறது. குறுகிய இடத்தில் வேகம் இன்னும் கூடும்.

அந்த வேகத்தை அளந்தால் போதுமே என்று பிடித்துக்கொண்டவர் அமெரிக்காவின் ஜார்ஜியாவில் இருந்த நரம்பியல் மருத்துவர் ராபர்ட் ஆடம்ஸ். காதுக்கு முன்னால், நெற்றிப்பொட்டில் எலும்பு மெலிது. அங்கே ஜெல் தடவி, ஒலியலையால் ரத்த ஓட்டத்தின் வேகத்தை அளக்கும் டாப்ளர் கருவியை வைத்தால், உஸ் உஸ்ஸென்று ரத்தம் ஓடும் சத்தம் கேட்கும். குழந்தை தூங்கவும் கூடாது, அழவும் கூடாது. இரண்டுமே கணக்கை மாற்றிவிடும். (இரண்டு வயதுப் பிள்ளையிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்!) நொடிக்கு 170 செ.மீ.க்குக் கீழே இருந்தால் சரி. 200ஐத் தொட்டால் ஆபத்து.

அப்படி 200ஐத் தொட்ட 130 பிள்ளைகளை வைத்து நடந்த ஆய்வு 1998இல் வெளியானது. வழக்கமான சிகிச்சை பெற்ற 67 பேரில் 11 பேருக்குப் பக்கவாதம். மாதாமாதம் ரத்தம் ஏற்றி, செல்லை வளைக்கும் ஹீமோகுளோபினை 30 சதவீதத்துக்குக் கீழே வைத்திருந்த 63 பேரில் ஒருவருக்குத்தான். ஆய்வையே பாதியில் நிறுத்திவிட்டார்கள், எல்லோருக்கும் ரத்தம் கிடைக்கட்டுமென்று.

சரி, வேகம் குறைந்தபின் ரத்தம் ஏற்றுவதை விட்டுவிடலாமா? 2005இல் வெளியான ஆய்வில் விட்டுப் பார்த்தார்கள். 41 பேரில் 14 பேருக்கு வேகம் மறுபடி ஏறியது, 2 பேருக்குப் பக்கவாதமே வந்தது. விடாமல் ஏற்றினாலோ உடம்பில் இரும்பு சேர்கிறது. குழாய் மோசமாகக் குறுகாத பிள்ளைகளை, ஓராண்டாவது ரத்தம் ஏற்றியபின், செல் வளைவதைக் குறைக்கும் ஹைட்ராக்சியூரியா மாத்திரைக்கு மாற்றலாம் என்பது 2016இல்தான் உறுதியானது.

டாப்ளருக்கும் எட்டாத ஒன்று உண்டு. கை கால் இழுக்காமல், வாய் கோணாமல், மூளையில் சின்னச் சின்னத் திட்டுகள் செத்துப்போகும். எம்.ஆர்.ஐ. எடுத்தால்தான் தெரியும். வெளியே தெரிவதெல்லாம், நன்றாகப் படித்த பிள்ளை கணக்கில் திணறுவது மட்டும்தான்.