கருமிக் கள்ளியும் ஊதாரி ஓட்டக்காரரும்

மூணாறில் காலையில் ஸ்வெட்டரோடு தேயிலைத் தோட்டத்தைச் சுற்றியவர், மறையூர் வழியாக உடுமலைக்கு இறங்கும் சாலையில் அறுபது கிலோமீட்டர் போவதற்குள் முள்காட்டுக்குள் வந்துவிடுவார். சின்னாறு, கேரள எல்லையோரத்து வனவிலங்குச் சரணாலயம். வெள்வேலும் கருவேலும் கள்ளியும், நடுநடுவே சூடேறிய பாறையும்தான். தெற்கே ஆனைமுடிப் பக்கத்து மலைகள் நீலமாக எழுந்து நிற்கும். கேரளம் என்றால் வாய்க்காலும் வாழையும் என்று நினைத்திருப்பவர்களை இந்த ஊர் கொஞ்சம் குழப்பும். இந்தப் பக்கத்து ஊர்களில் காதில் விழுகிற பேச்சும் பெரும்பாலும் தமிழ்தான்.

மண்பாதையில் ஓடுவதில் ஆசை உள்ளவர்களை இழுக்க இந்த நிலம் போதும். ஆனால் ஓடத் தொடங்கியதுமே, அங்கே நிற்கும் கள்ளிக்கும் நமக்கும் ஒரே பிரச்சினை வந்துவிடுகிறது: வெயில் நிறைய, தண்ணீர் கொஞ்சம். கள்ளி அதற்குக் கருமியாக இருந்து பதில் சொல்கிறது. மனித உடம்போ பச்சையான ஊதாரி.

முதலில் இங்கே ஏன் மழை இல்லை என்று பார்ப்போம். ஜூன் முதல் செப்டம்பர் வரை அரபிக்கடலிலிருந்து வரும் ஈரக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதி மேலேறுகிறது. உயரம் கூடக்கூட அழுத்தம் குறைவதால் காற்று விரிகிறது, விரிவதால் குளிர்கிறது. மேகம் கட்டும்வரை ஆயிரம் மீட்டருக்குச் சுமார் 10 டிகிரி குறையும். மேகம் கட்டிய பிறகு அந்த வேகம் தணிந்து 6 டிகிரி அளவுக்கு வந்துவிடும். நீராவி துளியாகும்போது, கடலில் ஆவியானபோது வாங்கிய வெப்பத்தைக் காற்றுக்கே திருப்பிக் கொடுப்பதுதான் காரணம்.

ஒரு தோராயக் கணக்குப் போடலாம். மேற்குச் சரிவில் 500 மீட்டர் உயரத்தில் காற்று 26 டிகிரியில் இருக்கிறது. 1000 மீட்டரில் மேகம் கட்டுகிறது. அப்போது 21 டிகிரி. அங்கிருந்து மழையைக் கொட்டிக்கொண்டே 2500 மீட்டருக்கு ஏறினால் 12 டிகிரி. இப்போது கிழக்குச் சரிவில் இறங்க வேண்டும். ஈரத்தைப் பெரும்பாலும் இறக்கி வைத்தாயிற்று, அதனால் ஆயிரம் மீட்டருக்கு 10 டிகிரி வீதம் சூடேறி, 500 மீட்டருக்கு வரும்போது 32 டிகிரி. அதே காற்று, அதே உயரம், 6 டிகிரி அதிகம். இப்படிச் சூடேறி உலர்ந்த காற்றில் மேகம் நிலைக்காது. இதுதான் மழை மறைவுப் பிரதேசம். சின்னாற்றுக்குக் கிடைக்கும் மழையில் பெரும்பங்கு வடகிழக்குப் பருவத்தில், அக்டோபர், நவம்பர் வாக்கில் வருவது. பாம்பாறும் பெரும்பாலான கேரள ஆறுகளைப் போல மேற்கே போகாமல் கிழக்கே திரும்பி, அமராவதியில் கலந்து நம் பக்கம் வருகிறது.

கறாராகச் சொன்னால் இது பாலைவனம் இல்லை. ஆண்டுக்கு 250 மில்லிமீட்டருக்கும் குறைவாக மழை பெறும் இடங்களைத்தான் பொதுவாக அப்படிச் சொல்வார்கள். சின்னாறு அந்த அளவுக்கு வறண்டதல்ல. முள்காடு என்பதே சரி.

சரி, கள்ளிக்கு வருவோம். இங்கே கள்ளி என்று நாம் பொதுவாகச் சொல்வதில் இரண்டு வெவ்வேறு குடும்பங்கள் கலந்து கிடக்கின்றன. தட்டையான பச்சைத் தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டவைத்தது போல வளரும் சப்பாத்திக்கள்ளி, அமெரிக்கக் கண்டங்களிலிருந்து வந்த உண்மையான கேக்டஸ். சதுரக்கள்ளி நம் மண்ணின் செடி. அது ஆமணக்குக் குடும்பம். முள்ளைப் பார்த்தால் பிரித்துவிடலாம். சப்பாத்திக்கள்ளியில் சின்ன மெத்தை போன்ற புள்ளியிலிருந்து முட்கள் கொத்தாகக் கிளம்பும். சதுரக்கள்ளியில் இரண்டிரண்டாக நிற்கும். கீறினால் சதுரக்கள்ளியில் வெள்ளைப் பால் வடியும். அது கண்ணில் பட்டால் பெரிய வினை, அதனால் சோதித்துப் பார்க்க வேண்டாம். ஒட்டே இல்லாத இரண்டு குடும்பங்கள், வெவ்வேறு கண்டங்களில், ஒரே வறட்சிக்கு ஏறக்குறைய ஒரே உடம்பைச் செய்துகொண்டிருக்கின்றன.

சப்பாத்திக்கள்ளி இந்தியாவில் பரவியதில் சாயத்துக்கும் பங்கு உண்டு. கள்ளியில் வாழும் ஒரு பூச்சியிலிருந்து எடுக்கும் சிவப்புச் சாயத்துக்கு ஐரோப்பாவில் நல்ல விலை. கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் அதற்காகச் சென்னை சைதாப்பேட்டையில் கள்ளித் தோட்டமே போட்டார்கள். 1795-ல் பூச்சியும் வந்து சேர்ந்தது, ஆனால் வேறு இனம். சாயம் தேறவில்லை, பூச்சி கள்ளியைத் தின்று தீர்த்தது. அப்புறம் இன்னொரு கள்ளி இனம் தென்னிந்தியாவில் தறிகெட்டுப் பரவியபோது, அதற்கேற்ற பூச்சியை 1926-ல் இலங்கையிலிருந்து வேண்டுமென்றே கொண்டுவந்து விட்டார்கள். அது நன்றாகவே வேலை செய்தது.

கள்ளியின் கருமித்தனம் எங்கே இருக்கிறது? பெரும்பாலான செடிகள் பகலில் இலைத்துளைகளைத் திறந்து கரியமில வாயுவை உள்ளே இழுக்கும். திறந்த துளை வழியாகத் தண்ணீரும் ஆவியாகப் போகும். தவிர்க்க முடியாத இந்தச் செலவு சிறியதும் அல்ல: ஒரு கிராம் கரியமில வாயுவைச் சேர்க்கச் சாதாரணச் செடி 400 முதல் 500 கிராம் தண்ணீரை இழக்கிறது. கள்ளி 50 முதல் 100 கிராமோடு முடித்துக்கொள்கிறது. அது பகலில் துளைகளை மூடிவிட்டு இரவில்தான் திறக்கும். இரவில் வெப்பம் குறைவு, காற்றில் ஈரப்பதம் அதிகம், ஆவியாகி வெளியேறும் தண்ணீரும் குறைவு. ஆனால் இரவில் வெளிச்சம் இல்லையே, ஒளிச்சேர்க்கை எப்படி? உள்ளே வந்த வாயுவை மாலிக் அமிலமாக மாற்றிச் செல்களுக்குள் தேக்கி வைக்கிறது. விடிந்ததும் துளைகளை மூடிக்கொண்டு, அமிலத்தை உடைத்து, வெளிவரும் கரியமில வாயுவை வெயிலின் உதவியோடு சர்க்கரையாக்குகிறது.

இதை முதலில் நாக்கால் கவனித்தவர்களில் ஒருவர் மதராஸ் மாகாணத்தில் வேலை பார்த்த ஜெர்மன் தாவரவியலாளர் பெஞ்சமின் ஹேய்ன். நம் வீட்டுத் தொட்டிகளில் வளரும் ரணகள்ளியின் இலை, அதாவது ‘கட்டிப்போட்டால் குட்டி போடும்’ இலை, காலையில் புளிக்கிறது, மதியம் சப்பென்று இருக்கிறது, மாலையில் லேசாகக் கசக்கிறது என்று எழுதினார். 1815-ல் லண்டனில் அது அச்சானது. இரவெல்லாம் சேர்ந்த அமிலம் பகலில் கரைவதைத்தான் அவர் ருசித்திருக்கிறார், ஆனால் அதன் முழு வேதியியல் விளங்க இருபதாம் நூற்றாண்டு வரை ஆயிற்று.

இப்படிச் சேமிப்பதற்கு ஒரு விலை உண்டு. துளைகள் மூடியிருப்பதால் பகலில் கள்ளி தன்னைக் குளிர்வித்துக்கொள்ள வழியில்லை. அதன் சதை சுற்றியுள்ள காற்றைவிடச் சூடாகிறது. சில சப்பாத்திக்கள்ளி இனங்கள் 60 டிகிரியைக்கூடத் தாங்கிவிடும். நம் உடம்பு 40 டிகிரியைத் தாண்டினாலே ஆபத்து.

ஆகவே நாம் செலவழித்துத்தான் ஆக வேண்டும். 60 கிலோ எடையுள்ளவர் ஒரு கிலோமீட்டர் ஓடச் சுமார் 60 கிலோ கலோரி செலவாகும். மணிக்கு 10 கிலோமீட்டர் வேகம் என்றால் 600. இதில் காலை நகர்த்த உதவுவது நாலில் ஒரு பங்குகூட இல்லை. 450-க்கு மேல் வெறும் வெப்பம். வெளியேற வழியே இல்லை என்று வைத்துக்கொண்டால் ஆறேழு நிமிடத்துக்கு ஒரு டிகிரி வீதம் உடம்பு சூடேறும், அரை மணிக்குள் ஆள் விழுந்துவிடுவார். ஒரு லிட்டர் வேர்வை தோலிலிருந்து ஆவியானால் சுமார் 580 கிலோ கலோரியை எடுத்துக்கொண்டு போகும். மலைக்கு அந்தப் பக்கம் மேகம் திருப்பிக் கொடுத்த அதே வெப்பம்தான், இங்கே கணக்கு தலைகீழ். ஆக, ஒரு மணி நேர ஓட்டத்துக்கு முக்கால் லிட்டருக்கு மேல்.

இங்கே பலரும் எதிர்பார்க்காத ஒன்று நடக்கிறது. வேர்வை எவ்வளவு வேகமாக ஆவியாகும் என்பதைத் தோலுக்கும் காற்றுக்கும் உள்ள ஆவி அழுத்த வித்தியாசம், அதாவது நீராவி மட்டும் தரும் அழுத்தத்தின் வித்தியாசம், தீர்மானிக்கிறது. 35 டிகிரியில் உள்ள ஈரத்தோலில் ஆவி அழுத்தம் 5.6 கிலோபாஸ்கல். கொச்சிக் கடற்கரையில் 30 டிகிரி, 85 சதவீத ஈரப்பதம் என்றால் காற்றில் 3.6, வித்தியாசம் 2. மழை மறைவுப் பக்கத்தில் 36 டிகிரி, 30 சதவீதம் என்றால் காற்றில் 1.8 மட்டுமே, வித்தியாசம் 3.8. ஆறு டிகிரி அதிக வெயில், ஆனாலும் வேர்வை ஆவியாவதற்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு வாய்ப்பு. கொச்சியில் வேர்வை வழிந்து மண்ணில் சொட்டும். சொட்டிய வேர்வையால் ஒரு பைசா பிரயோசனம் இல்லை. இங்கே அது வந்த வேகத்தில் பறந்துவிடுகிறது, அதனால்தான் உலர்ந்த வெயிலில் ஓடுவது அவ்வளவு சுகமாகத் தெரிகிறது.

ஏமாற்றுவதும் அதேதான். சட்டை நனையாததால் வேர்க்கவே இல்லை என்று தோன்றும். தோலில் வெள்ளையாக உப்புப் பூத்த பிறகுதான் எவ்வளவு போயிருக்கிறது என்று தெரியும். ஒரு லிட்டர் வேர்வையோடு சராசரியாக ஒரு கிராம் அளவுக்குச் சோடியமும் போகிறது, ஆளுக்கு ஆள் இது மாறும். பல மணி நேரம் ஓடிவிட்டு வெறும் தண்ணீரையே குடம் குடமாகக் குடித்தால் ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போய் மயக்கம், வலிப்பு வரை போகலாம். உப்புப் போட்ட நீர்மோருக்கு நான் ஓட்டுப் போடுவேன், ஆனால் பையில் வைத்தால் சீக்கிரம் புளித்துவிடும். உப்பும் சர்க்கரையும் கலந்த பொட்டலமே பயணத்துக்கு நல்லது. வெயிலுக்கு உடம்பு பழக ஒன்றிரண்டு வாரம் பிடிக்கும். பழகிய உடம்பு வேர்வையைச் சீக்கிரமே தொடங்கும், அதில் உப்பைக் குறைத்துக்கொள்ளும். ஊதாரிக்கும் கொஞ்சம் கணக்குப் பழகுகிறது.

கடைசியாக அந்த மலைகள். ஈரக்காற்றில் மிதக்கும் நுண்துகள்கள் தண்ணீரை உறிஞ்சி ஊதிப் பெருத்து ஒளியைச் சிதறடிக்கும். தூரத்து மலை மங்கும். உலர்ந்த காற்றில் அந்தத் திரை மெலிதாகிவிடுவதால் பாறை மடிப்பு வரை தெளிவாகத் தெரியும். தூரத்தை மங்கலை வைத்தே அளந்து பழகிய கண், மலை கிட்டத்தில் இருப்பதாகச் சொல்லும். அதை நம்பி “அந்த மேடு வரை போயிட்டு வந்துடலாம்” என்று கிளம்பக் கூடாது. காலையில் போகும்போது இருக்கும் குளிர் திரும்பி வரும்போது இருக்காது, அதனால் கையிலுள்ள தண்ணீரில் மூன்றில் ஒரு பங்கு தீர்ந்ததுமே திரும்பிவிடுவது நல்லது. சின்னாறு சரணாலயத்துக்குள் தனியாக ஓட நினைக்கவே வேண்டாம். வனத்துறை வழிகாட்டியோடு நடக்கத்தான் முடியும். யானை மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் வரும், அதுவும் முள்ளைப் பற்றிக் கவலைப்படாமல்.