மென்டாருக்குக் கமிஷன் கொடுக்காதீர்கள்

மசாலாப் பொடி அரைத்து விற்கும் ஒரு சகோதரி சென்ற வாரம் அலுவலகத்துக்கு வந்தார். தன்னை 'மென்டார்', அதாவது தொழில் வழிகாட்டி, என்று சொல்லிக்கொண்ட ஒருவரிடம் முப்பதாயிரம் ரூபாய் கொடுத்திருக்கிறார். சிறுதொழிலுக்கு வங்கிக் கடனோடு மத்திய அரசு தரும் பி.எம்.இ.ஜி.பி. மானியம் கைக்கு வந்துவிடும் என்றாராம். இப்போது போனையே எடுப்பதில்லை. ஆடிட்டராகவும் சிறுதொழில் செய்பவர்களுக்கு வழிகாட்டியாகவும் இருக்கிற எனக்கு, இதே கதையைக் கேட்டுக் கேட்டு ஆத்திரம்தான் வருகிறது.

முதலில் அந்த மானியத்தைப் புரிந்துகொள்ளுங்கள். அது ரொக்கமாகக் கைக்கு வராது. பெண்கள், எஸ்.சி., எஸ்.டி., ஓ.பி.சி., சிறுபான்மையினர், மாற்றுத்திறனாளிகளுக்குத் திட்டச் செலவில் நகரத்தில் 25, கிராமத்தில் 35 சதவீதம். அந்தத் தொகை கடன் கொடுத்த வங்கியிலேயே 3 வருடம் டெபாசிட்டாகக் கிடக்கும். தொழில் நடக்கிறதா என்று நேரில் பார்த்த பிறகுதான் உங்கள் கடனில் வரவு வைப்பார்கள். "மானியம் வந்ததும் ஆளுக்குப் பாதி" என்று ஒருவர் சொன்னால், எந்தப் பணத்தைப் பங்கு போடுகிறார்? விண்ணப்பம் இலவசம். சிறுதொழில்களுக்கான அரசின் உத்யம் பதிவும் இலவசம். இதற்கெல்லாம் அரசு எந்த ஏஜென்டையும் வைக்கவில்லை.

அப்படியானால் வழிகாட்டி எதற்கு? அந்தச் சகோதரியின் நோட்டை வாங்கிப் பார்த்தேன். மிளகாய், மல்லி, மஞ்சள், மில் கூலி, கவர் எல்லாம் எழுதியிருக்கிறார். காயவைத்தால் மிளகாய் எடை குறையுமே, அது இல்லை. டெலிவரிக்கு ஆகும் பெட்ரோல் இல்லை. காலையிலிருந்து இரவு வரை உழைக்கும் அவருடைய கூலி ஒரு வரிகூட இல்லை. எல்லாவற்றையும் சேர்த்தால் கால் கிலோ பாக்கெட்டில் லாபமே நிற்கவில்லை. இந்த நிலையில் கடன் கிடைத்திருந்தால் நஷ்டம்தான் பெருகியிருக்கும்.

பரம்பரையாகக் கடை வைத்திருக்கும் குடும்பத்தில் இதைச் சொல்லித்தர ஒரு சித்தப்பாவோ மாமாவோ இருப்பார். எந்த மொத்த வியாபாரி கடனுக்குச் சரக்கு போடுவார் என்பதும் அவருக்கு அத்துப்படி. முதல் தலைமுறையாகத் தொழிலுக்கு வரும் பெண்ணுக்கும் தலித் இளைஞருக்கும் அப்படி ஓர் ஆள் இல்லை. பாரதிய யுவ சக்தி டிரஸ்ட் என்ற தொண்டு நிறுவனம் 1992-லிருந்து தொழில்முனைவோருக்குத் தனித்தனியாக வழிகாட்டிகளைத் தருவது இதற்காகத்தான். மத்திய அரசு நிறுவனங்கள் தங்கள் கொள்முதலில் 25 சதவீதத்தைக் குறு, சிறு நிறுவனங்களிடம் வாங்க வேண்டும், அந்த 25-க்குள்ளேயே மொத்தக் கொள்முதலில் எஸ்.சி., எஸ்.டி. தொழில்முனைவோருக்கு 4, பெண்களுக்கு 3 சதவீதம் ஒதுக்கீடு உண்டு. நல்ல வழிகாட்டி இதைச் சொல்லி, டெண்டரைப் படிக்கவும் கற்றுக்கொடுப்பார்.

மானியம் வாங்கித் தருகிறேன் என்று யாராவது பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். ஓ.டி.பி.யோ கையெழுத்துப் போட்ட வெற்றுக் காசோலையோ யாரிடமும் கொடுக்காதீர்கள். வீட்டுச் செலவுக்கும் தொழிலுக்கும் ஒரே ஜிபே கணக்கா? இன்றே பிரியுங்கள். சந்தேகம் இருந்தால் மாவட்டத் தொழில் மையத்துக்கு நேரில் போங்கள். தயவுசெய்து வழிகாட்டியிடம் நஷ்டத்தை மறைக்காதீர்கள்.

சக வழிகாட்டிகளுக்கும் ஒன்று. தொழில் மனைவி பெயரில் இருக்கும்போது, கூட வந்த கணவரைப் பார்த்து ஏன் பேசுகிறீர்கள்? கேள்வியை அந்த அம்மாவிடம் கேளுங்கள். அவர் யோசித்துப் பதில் சொல்லும்வரை காத்திருங்கள்.