நாடகக்காரர்களைப் பள்ளிக்கு அழைக்கும் முன்

ஜனவரி பிறந்தால் என் கைப்பேசிக்கு ஓய்வே கிடையாது. "சார், ஆண்டுவிழா வருது. பதினஞ்சு நிமிஷத்துக்கு ஒரு நாடகம் போட்டுக் குடுங்க, கொஞ்சம் மெசேஜ் இருக்கிற மாதிரி." குரல்தான் மாறும், கேட்பது இதைத்தான். மரம் வளர்ப்போம், பிளாஸ்டிக் ஒழிப்போம், மது வேண்டாம். பத்து நாளில் முப்பது பிள்ளைகளைத் தயார் செய்ய வேண்டும். சத்தமாகப் பேசுகிற நாலு பேருக்கு வசனம், மிச்சப் பேருக்குப் பச்சைத் துணி சுற்றி மரம்.

விழுப்புரம், திருவண்ணாமலைப் பக்கத்துப் பள்ளிகளில் இருபது வருடமாக நாடகப் பயிற்சி கொடுக்கிறேன். இந்த மாதிரி ஆண்டுவிழா நாடகங்களும் நிறையப் போட்டுக் கொடுத்தவன்தான், வயிறு என்று ஒன்று இருக்கிறதே. மேடை ஏறிய சந்தோஷம் பிள்ளைகளுக்கு உண்டு, அதைக் குறை சொல்லமாட்டேன். ஆனால் அதுவும் நாடகம் வழியாகப் படிப்பதும் ஒன்று என்று நினைத்தால் சேதம் வரும். ஒரு தடவை அந்தச் சேதத்தைச் செய்தவனே நான்தான்.

பத்துப் பன்னிரண்டு வருடம் இருக்கும். ஒரு நடுநிலைப் பள்ளியில் குடிகார அப்பாவைப் பற்றிய நாடகம். நான்தான் அப்பா. தள்ளாடிக்கொண்டே வந்து, வேட்டியோடு ஒரு சேட்டை செய்தேன், பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கடைசியில் அப்பா திருந்தினார். கைதட்டல், சால்வை, டீ. வேனில் ஏறிவிட்டோம். மூன்று வாரம் கழித்து வேறு வேலையாக அங்கே போனேன். ஆறாம் வகுப்புப் பையன் ஒருவனைச் சுற்றி நாலைந்து பேர் என் வசனத்தைச் சொல்லி, என்னைப் போலவே தள்ளாடிக் காட்டிக்கொண்டிருந்தார்கள். அவன் அப்பா குடிப்பவர். ஊருக்கே தெரியும், எங்களுக்குத்தான் தெரியாது. நாங்கள் யாரிடமும் கேட்கவும் இல்லை. அவன் இப்போதெல்லாம் சரியாகப் பள்ளிக்கு வருவதில்லை என்றார் வகுப்பு டீச்சர்.

அந்த நாடகத்தை அதோடு நிறுத்திவிட்டேன்.

நாடகம் நன்றாகத்தான் நடந்தது. அதற்கு முன்னாலும் எதுவும் இல்லை, பின்னாலும் எதுவும் இல்லை, அங்கேதான் தப்பு. இங்கிலாந்தில் கோவென்ட்ரி நகரத்து பெல்கிரேடு தியேட்டர் 1965-ல் பள்ளிகளுக்கென்று ஒரு குழுவை அனுப்பத் தொடங்கியது. போனவர்கள் பாதி நடிகர், பாதி ஆசிரியர். பிள்ளைகளை உட்காரவைத்துக் காட்டிவிட்டு வருவது அவர்கள் வேலை இல்லை. பிள்ளைகளும் கதைக்குள் வந்து முடிவெடுக்க வேண்டும். தில்லியில் தேசிய நாடகப் பள்ளி 1989-ல் தொடங்கிய குழுவும் இந்த வழியில் வந்ததுதான். இலங்கையில் 'நாடகமும் அரங்கியலும்' பரீட்சைப் பாடமாகவே இருக்கிறது. இங்கே ஓவியத்துக்கும் தையலுக்கும் ஆள் பார்த்திருக்கிறேன். நாடகத்துக்கென்று ஓர் ஆசிரியரை நான் போன பள்ளி எதிலும் பார்த்ததில்லை. 2022-23 முதல் தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் நடக்கும் கலைத் திருவிழா நிறையப் பிள்ளைகளை மேடைக்குக் கொண்டுவந்திருக்கிறது, நல்லது. ஆனாலும் அது போட்டி. பரிசு என்று வந்துவிட்டால் திக்கித் திக்கிப் பேசுகிற பிள்ளையை யார் சேர்ப்பார்கள்?

இப்போது எங்கள் கணக்கு வேறு. ஒரே வகுப்பு, நாற்பது பேருக்கு மேல் வேண்டாம். வாரம் ஒன்றரை மணி நேரம், எட்டு வாரம். மேடை, மைக் எதுவும் வேண்டாம், பெஞ்சைச் சுவரோரம் தள்ளினால் போதும். முதல் இரண்டு வாரம் வெறும் விளையாட்டு. அப்புறம் ஒரு கதை, வேண்டுமென்றே தூரத்துக் கதை. ராஜா ஒருவன் ஊர்க் கிணற்றைப் பூட்டிவிடுகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். எவன் வீட்டு அப்பாவும் அதில் வரமாட்டார்.

எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்குத் தெருக்கூத்து தெரியும், அதில் வரும் கோமாளியான கட்டியக்காரனைத் தெரியும். ராஜாவையே நக்கல் அடிப்பான், திரும்பி நம்மிடமும் பேசுவான். பிரேசில்காரர் அகஸ்டோ போவாலின் அரங்க முறையில் 'ஜோக்கர்' என்று ஓர் ஆள் உண்டு. காட்சியை நடுவில் நிறுத்தி, நீயாக இருந்தால் என்ன செய்வாய், வந்து செய்து காட்டு என்று பார்ப்பவர்களைக் கூப்பிடுவது அவர் வேலை. அதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. பாதி வேலையை நம்ம ஆள் ஏற்கெனவே செய்துகொண்டிருக்கிறானே!

ஒரு பள்ளியில் கிணற்றுக் காவல்காரர் வேடம் ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒருத்திக்கு வந்தது. அதிகம் பேசாத பிள்ளை என்பதால் கையில் ஒரு பழைய பீரோ சாவியை மட்டும் கொடுத்தேன். ஒவ்வொருவராக வந்து கெஞ்சினார்கள், மிரட்டினார்கள். ஒருவன் லஞ்சம்கூடக் கொடுத்துப் பார்த்தான். எல்லாவற்றுக்கும் தலையாட்டல்தான். கட்டியக்காரனாக நான் உள்ளே போய், "காவல்காரரே, உங்க வீட்டுல தண்ணிக்கு என்ன பண்றீங்க?" என்றேன். கொஞ்சநேரம் சாவியையே பார்த்தாள். "எங்க வீட்டுலயும் தண்ணி இல்ல. ஆனா எனக்குக் குடுத்த வேல இது" என்றாள்.

அப்புறம் இருபது நிமிடம் வகுப்பே சண்டை போட்டது, தப்பு ராஜா மேலா, காவல்காரர் மேலா என்று. பின்னால் உட்கார்ந்திருந்த டீச்சருக்கு இருப்புக்கொள்ளவில்லை. "சரி சார், கடைசியில கிணறு திறக்கணும்ல?" அன்றைக்குத் திறக்கவில்லை. அடுத்த வாரம் ஒரு பையன் ராஜாவுக்கு மனு எழுதிக்கொண்டு வந்தான், முப்பது கையெழுத்தோடு.

ஆனால் ஒன்று. வாய் திறக்கிற பிள்ளைகள் கதையோடு நிற்கமாட்டார்கள். வீட்டில் நடப்பதைச் சொல்வார்கள், தங்களுக்கு நடந்ததையும் சொல்வார்கள். அப்போது துருவக் கூடாது. "யாரிடமும் சொல்லமாட்டேன்" என்று வாக்கும் கொடுக்கக் கூடாது. பாலியல் குற்றம் என்றால் 2012-ன் போக்சோ சட்டப்படி, தெரிந்தவர் போலீஸுக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். மற்ற ஆபத்துகளுக்கும் குழந்தைகள் உதவி எண் 1098 இருக்கிறது. பள்ளியில் யாரிடம் போவது என்பதை முதல் நாளே பேசி வைத்துவிடுங்கள். பிள்ளை அழுத பிறகு எச்.எம். அறையைத் தேடி ஓடக் கூடாது.

அதனால் எங்களைப் போன்றவர்களை அழைக்கும்போது கறாராகக் கேளுங்கள். நாடகம் முடிந்த பிறகு எவ்வளவு நேரம் இருப்பீர்கள்? மறுபடி எப்போது வருவீர்கள்? ஒரு பிள்ளை பாதியில் எழுந்து போனால் என்ன செய்வீர்கள்? பதில் மழுப்பலாக இருந்தால் டீ கொடுத்து அனுப்பிவிடலாம். பிள்ளையின் சொந்தக் கதையை எல்லார் முன்னும் நடிக்கச் சொல்கிறவருக்கு டீயும் வேண்டாம். பிள்ளைகளைப் படம் எடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடும் பழக்கம் எங்கள் ஆட்களிடமும் இருக்கிறது, அதையும் தடுங்கள்.

எட்டு வாரத்துக்குப் பணம் இல்லை என்பார்கள், உண்மைதான். அப்படியானால் பிள்ளைகளுக்கு ஒரு நாள் காட்சி போடும் செலவில் இரண்டு ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுங்கள். தோளில் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு "நான்தான் இந்த ஊர்த் தலைவர்" என்று டீச்சரே வகுப்புக்குள் வந்தால் பிள்ளைகள் அரை நிமிடத்தில் நம்பிவிடுவார்கள்.

கிணறு திறக்கணும்ல என்று கேட்ட அந்த டீச்சர் போன மாதம் போன் செய்தார். வேறு வகுப்பில் கிணற்றுக் கதையை அவரே நடத்தப்போகிறாராம். "எல்லாம் இருக்கு சார், சாவிதான் இல்ல. எங்க வீட்டுச் சாவிய வச்சா சின்னதா இருக்கு." என் பையிலேயே கிடந்தது. மறுநாள் கூரியரில் அனுப்பினேன்.