லீக்: எல்லாவற்றையும் கசிவு என்று எழுதலாமா?

'ஜிடிஏ 6: உத்தியோகபூர்வ கசிவு வெளியானது!' கேம் செய்தி சொல்கிற தமிழ்ப் பக்கங்களில் இந்த மாதிரித் தலைப்பைக் காணாமல் ஒரு கிழமை போகாது. உத்தியோகபூர்வமாக வந்தால் அதற்குப் பெயர் அறிவிப்பு. கசிந்தது என்றால் நிறுவனம் அதைச் சொல்லவில்லை என்று அர்த்தம். இரண்டையும் ஒரே வரியில் சேர்த்துக் கட்டியவர் எந்தச் சொல்லின் பொருளையும் யோசித்திருக்க மாட்டார். ஆங்கிலத் தலைப்பில் 'லீக்' இருந்தது, இயந்திர மொழிபெயர்ப்பு 'கசிவு' என்றது, அப்படியே ஒட்டியாயிற்று.

சொல் வரலாற்றை நீட்டத் தேவையில்லை. ஆங்கில 'லீக்' நீர் சொட்டுவதைக் குறித்த பழைய வட ஐரோப்பியச் சொல்லோடு உறவுடையது. கப்பலுக்கும் பீப்பாவுக்கும் வழங்கியது பிறகு இரகசியத்துக்கும் வந்தது. தமிழ்க் 'கசி' ஈரம் ஊறுவது, வியர்ப்பது, மனம் நெகிழ்வது. சம்பந்தரின் 'காதலாகிக் கசிந்து' இந்தக் கடைசிப் பொருளில் வருகிறது. மூன்றுக்கும் பொதுவானது இதுதான்: கசிதல் தானாக நடக்கும், மெல்ல நடக்கும், செய்தவர் இன்னார் என்று ஒருவரைக் காட்ட முடியாது.

கேம் உலகத்தில் 'லீக்' என்று சொல்லப்படுவதில் பெரும்பகுதிக்குச் செய்தவர் இருக்கிறார். மெல்லவும் நடப்பதில்லை.

2022 செப்டெம்பர் 18ஐ எடுத்துக்கொள்ளலாம். ஜிடிஏ கேம்களைச் செய்யும் ரொக்ஸ்டார் நிறுவனத்தின் வலையமைப்புக்குள் புகுந்து, உருவாக்கத்தில் இருந்த ஜிடிஏ 6இன் தொண்ணூறு வரையான வீடியோக்களை எடுத்து, ரசிகர் தளம் ஒன்றில் போட்டார்கள். அத்துமீறல் நடந்ததை மறுநாள் நிறுவனமே ஒத்துக்கொண்டது. விஷயம் இங்கிலாந்தில் நீதிமன்றம் வரை போய், 2023 டிசெம்பரில் 18 வயது இளைஞர் ஒருவரைக் காலவரையறையின்றி மருத்துவமனையில் வைக்கும்படி உத்தரவானது. பொலிஸ், வழக்கு, தீர்ப்பு எல்லாம் முடிந்த பிறகும் நமது பக்கங்களில் அது 'கசிவு'தான். யாழ்ப்பாணத்தில் இதற்குச் சின்னப்பிள்ளையும் அறிந்த சொல் உண்டு: களவு. 'களவெடுத்த வீடியோ' என்று எழுதினால் வாசிப்பவருக்கு மூன்று விஷயம் ஒரேயடியாக விளங்கும். எடுத்தவர் ஒருவர் இருக்கிறார், கொடுத்தவர் இல்லை, பொருள் இன்னும் செய்து முடியவில்லை.

இந்த மூன்றாவது விஷயம் விளங்காததால் அன்றைக்கு நடந்த கூத்து கொஞ்சமில்லை. வீடியோக்களில் திரை முழுக்கச் சோதனை எழுத்துகளும் எண்களும் ஓடிக்கொண்டிருந்தன. பல இடங்களில் வெளிச்சமும் மேற்பரப்பும் தற்காலிகமாகப் போட்டவை. அதைப் பார்த்துவிட்டு 'கிராபிக்ஸ் இவ்வளவுதானா' என்று கேட்டவர்கள் உலகம் முழுக்க இருந்தார்கள். வேறு நிறுவனங்களின் உருவாக்குநர்கள் தங்கள் பழைய கேம்களின் அரைகுறைக் காட்சிகளை எடுத்துப்போட்டு, எந்தக் கேமும் நடுவழியில் இப்படித்தான் இருக்கும் என்று காட்டவேண்டி வந்தது. 'கசிவு' என்ற சொல் இந்தக் குழப்பத்துக்கு உதவி செய்கிறது. கசிந்து வந்த தண்ணீரும் தாங்கியில் இருந்த தண்ணீரும் ஒன்றுதானே என்று அந்தச் சொல்லே நினைக்க வைக்கிறது.

இது புதிய சங்கதியும் இல்லை. 2003 செப்டெம்பர் 30இல் வரவேண்டிய ஹாஃப்-லைஃப் 2இன் மூல நிரலை வால்வ் நிறுவனத்திலிருந்து களவெடுத்து இணையத்தில் விட்டார்கள். ஆட்டம் கடைக்கு வந்தது 2004 நவம்பர் 16இல். இன்சோம்னியாக் என்ற கேம் நிறுவனத்துக்கு 2023 டிசெம்பரில் நடந்தது இன்னும் மோசம். கப்பம் கேட்கும் கும்பல் ஒன்று 50 பிட்கொயின் கேட்டது. பணம் வராததால் 1.67 டெராபைட் அளவில், பதின்மூன்று இலட்சத்துக்கு மேற்பட்ட கோப்புகளை வெளியே கொட்டியது. அதில் அவர்கள் செய்துகொண்டிருந்த வூல்வரின் கேம் மட்டும் இருக்கவில்லை, வேலை செய்கிறவர்களின் தனிப்பட்ட ஆவணங்களும் இருந்தன. ஒருவரின் ஆவணம் திருட்டுப்போனதைக் 'கசிவு' என்று எழுதுகிறவர், தன் வீட்டு அலுமாரி உடைபட்டால் என்னவென்று எழுதுவார்?

'கசியவிடப்பட்டது' என்று திருத்தி எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். அது கொஞ்சம் தேவலாம், செய்தவர் ஒருவர் இருக்கிறார் என்பதையாவது ஒத்துக்கொள்கிறது. ஆனால் அது உள்ளே இருப்பவர் வேண்டுமென்று விட்டதைக் குறிக்கும். நிறுவனங்கள் தாங்களே ஆசை காட்ட அரைச்செய்தியை வெளியே விடுவதும் உண்டு, அதற்கு இந்தச் சொல் அளவாகப் பொருந்தும். பூட்டை உடைத்து எடுத்ததற்குப் போட்டால், பறிகொடுத்தவரையே குற்றவாளியாக்குகிறோம். பத்திரிகையில் அடிபடும் 'அம்பலம்' இன்னொரு வில்லங்கம். அம்பலமாவது ஊழல், மோசடி. ஒரு கேமின் ட்ரெய்லர் அம்பலமாக அது என்ன குற்றம் செய்தது?

இனி உண்மையாகவே தவறி விழுந்தவை. மாரி மழைக்கு நம் வீடுகளில் என்ன சொல்கிறோம் என்று பாருங்கள். சுவர் கசியும். ஓடு உடைந்தால் 'வீடு ஒழுகுது' என்று வாளி வைப்போம். ஈரம் ஊறினால் கசிவு, ஓட்டை வழியே இறங்கினால் ஒழுக்கு. ஜிடிஏ 6இன் முதல் ட்ரெய்லர் நமது நேரப்படி 2023 டிசெம்பர் 5 இரவு 7.30க்கு என்று அறிவித்திருந்தார்கள். அன்று விடியப்புறமே, மேலே பிட்கொயின் விளம்பரம் அடித்த ஒரு பிரதி எக்ஸ் தளத்தில் வந்துவிட்டது. ரொக்ஸ்டாரும் வேறு வழியில்லாமல் உடனே உண்மையான பிரதியை யூரியூப்பில் ஏற்றியது. ஒழுக்கு என்றால் இதுதான்: முடிந்த பொருள், குறித்த நேரத்துக்கு முன்னால், எங்கோ ஒரு ஓட்டையால் இறங்கிவிட்டது. பொருளில் பொய் இல்லை, நேரம்தான் பிசகு.

இதே வகையில் இன்னொன்று, ஆனால் கவனமாகக் கையாளவேண்டியது. 2023 செப்டெம்பரில், அமெரிக்க வர்த்தக ஆணைக்குழு மைக்ரோசொப்ட்டுக்கு எதிராகப் போட்ட வழக்கில், மறைக்கவேண்டிய பகுதிகள் மறைக்கப்படாமல் ஆவணங்கள் ஏற்றப்பட்டன. அதில் இருந்த பழைய திட்டப் பட்டியலில் ஒப்ளிவியன் கேமின் புதுப்பித்த பதிப்பு 2022 நிதியாண்டுக்குக் குறிக்கப்பட்டிருந்தது. அது வந்தது 2025 ஏப்ரல் 22இல். ஆவணம் அசல், கேமும் உண்மை, ஆண்டு மட்டும் தப்பு. திட்டம் என்பது வாக்குறுதி இல்லை. ஆகவே ஒழுக்கிலும் முடிந்த பொருள் ஒழுகியதா, காகிதத்தில் இருந்த எண்ணம் ஒழுகியதா என்று பார்க்கவேண்டும்.

'ஒழுக்கு' என்றால் 'ஒழுக்கம்' ஞாபகம் வருகிறதே என்பார்கள். வரட்டும், இரண்டும் ஒரே வேர்தான். 'நடை' என்ற சொல்லும் நடப்பதையும் நடத்தையையும் சேர்த்துக் குறிக்கிறது, ஒருவரும் குழம்பவில்லை.

மூன்றாவது வகைதான் இங்கே ஃப்ரீ ஃபயரும் பப்ஜியும் விளையாடும் பொடியளுக்கு மிகப் பழக்கமானது. புதிய அப்டேட் போனுக்குள் இறங்கியதும், அதன் கோப்புகளைத் திறந்து படக்குறிகள், உடைகளின் பெயர்கள், ஒலித்துண்டுகள், திகதிகள் இவற்றைத் தேடிப் பிடிக்கிறார்கள். இதையும் 'லீக்' என்கிறார்கள். கொஞ்சம் படித்தவர்கள் 'தரவுச் சுரங்கம்' என்கிறார்கள். சுரங்கம் இடத்தின் பெயர், செயலின் பெயர் ஆகாது. 'தரவு அகழ்வு' என்றால் புள்ளிவிவரக்காரரின் தொழில்: குவிந்த தரவில் போக்குகளைக் கண்டுபிடிப்பது. கேம்காரர் செய்வது அதுவல்ல. நம் ஊரில் கிடங்கு கிண்டுகிறோம், அலுமாரியைக் கிண்டிக் கிளறித் தேடுகிறோம். கோப்பைக் கிண்டி எடுத்தது என்று எழுதினால் போதும். பெயர்ச்சொல்லாக்கிக் 'கிண்டல்' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், அது நக்கலாகிவிடும்.

கிண்டி எடுத்ததில் களவும் இல்லை, ஒழுக்கும் இல்லை. நிறுவனமே உங்கள் கையில் தந்த கோப்பு அது. ஆனால் கோப்பில் இருப்பதெல்லாம் கேமில் வராது. கைவிட்ட உடைகளின் பெயர்கள் அழிக்கப்படாமல் கிடக்கும். இடம்பிடிக்கப் போட்ட வெற்றுப் படங்கள் இருக்கும். ஒரு நாட்டு சேர்வருக்கு மட்டும் உரியவை எல்லோருடைய கோப்பிலும் இருக்கும். ஃப்ரீ ஃபயரின் அட்வான்ஸ் சேர்வரில் கண்டதும் அப்படித்தான்: அது சோதனைக்கென்று திறப்பது, அங்கே உள்ள ஆயுதத்தின் பலம் உண்மையான சேர்வருக்கு வரும்போது மாறலாம், வராமலே போகலாம். அதை 'கசிவு உறுதியானது' என்று எழுதுவதை நம்பி, கேமுக்குள் செலவழிக்கிற டயமண்ட் வாங்கி வைப்பவர்கள் பாவம்.

தரப்படுத்தல் சபைகளில் பெயர் தெரிவதற்கும் 'கசிவு' என்கிறார்கள். கொரியாவிலோ அவுஸ்திரேலியாவிலோ ஒரு கேம் விற்கவேண்டுமானால் முதலில் வயதுத் தரம் பெறவேண்டும். தரம் கொடுத்தால் சபை அதைத் தன் பதிவில் போடும், யாரும் பார்க்கலாம். பகிரங்கப் பதிவில் இருப்பது எப்படிக் கசிவு? 2023இல் ரெட் டெட் ரிடெம்ப்ஷன் கொரியப் பதிவில் தெரிந்ததும், புதுக்கிய பதிப்பு வருகிறதென்று ரசிகர்கள் கொண்டாடினார்கள். ஓகஸ்டில் வந்தது பிளேஸ்டேஷன் 4க்கும் ஸ்விச்சுக்கும் மாற்றிய பழைய கேம். திட்டு விழுந்தது ரொக்ஸ்டாருக்கு. பதிவில் இருந்தது பெயர் மட்டும், மிச்சம் முழுவதும் ரசிகர்கள் கட்டியது.

அந்த மிச்சத்துக்குப் பெயர் வதந்தி. வடமொழியில் 'வதந்தி' என்றால் 'சொல்கிறார்கள்' என்பதுதான், முழு வாக்கியத்தையே நாம் பெயர்ச்சொல்லாக்கி வைத்திருக்கிறோம். தனித்தமிழ் வேண்டுமென்றால் அம்பலும் அலரும் இருக்கின்றன. நாலு பேர் வாய்க்குள் முணுமுணுப்பது அம்பல், ஊரறியப் பேசுவது அலர். குறளில் 115ஆம் அதிகாரமே அலர் அறிவுறுத்தல்தான். அடைத்த குழுவுக்குள் சுற்றுவது எது, எல்லாப் பக்கத்திலும் ஓடுவது எது என்று பிரிக்க இதைவிட நல்ல சோடி கிடைக்காது. ஆனாலும் தலைப்பில் 'அலர்' போட்டால் பாதிப்பேர் பூவைப் பற்றிய செய்தி என்று நினைப்பார்கள். வதந்தியே இருக்கட்டும்.

உண்மையில் தமிழுக்கு இந்த இடத்தில் ஒரு சொல்கூடத் தேவையில்லை, 'ஆம்' இருக்கிறது. 'பிந்துதாம்', 'வருதாம்', 'பேப்பர் அவுட்டாம்' என்று யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர் சொன்னால், நான் காணவில்லை, இன்னொருவர் சொன்னார், பொறுப்பு எனக்கில்லை என்ற மூன்றும் அந்தச் சின்ன நீட்சியில் அடங்கிவிடுகிறது. ஆங்கிலத்தில் இதற்கு ஒரு தனி வினையடை வேண்டும். அந்த வினையடையைத் தமிழாக்குகிறேன் என்று 'தெரிவிக்கப்பட்டுள்ளது', 'கூறப்படுகிறது' என்று நீட்டி முழக்கி, கடைசியில் தலைப்பில் இடம் போதாமல் அதையும் வெட்டிவிடுகிறார்கள். 'சில்க்சோங் அடுத்த மாதம் வெளியாகிறது' என்று 2019க்குப் பிறகு எத்தனை தலைப்பு வந்திருக்கும்! 2019 பெப்ரவரியில் அறிவித்த கேம், வந்தது 2025 செப்டெம்பர் 4இல். இடையில் வந்தவற்றில் 'வெளியாகிறதாம்' என்று எழுதியிருந்தால் ஒன்றும் பொய்யாகியிருக்காது. பேச்சுவழக்கு எழுத்தில் வரக்கூடாது என்பார்கள். '-ஆம்' பேச்சுவழக்கு என்று யார் சொன்னது? பழைய உரைகளிலும் கதைகளிலும் இல்லாததா?

பேச்சில் 'லீக்' என்று சொல்வதில் எனக்குக் குறை இல்லை. 'குழாய் லீக் அடிக்குது' என்கிறவரைத் தடுத்து 'ஒழுகுது' என்று சொல்லச் சொல்வது தூய்மைவாதம் இல்லை, அலுப்பு. எழுத்துக்கு வரும்போது மட்டும், எந்த வழியால் வந்தது என்று ஒருதரம் கேட்டுவிட்டு எழுதவேண்டும். உள்ளே புகுந்து எடுத்ததென்றால் களவு. முடிந்த பொருளோ காகிதமோ தவறி வந்ததென்றால் ஒழுக்கு. கையில் உள்ள கோப்பிலிருந்து வந்ததென்றால் கிண்டியது. சபையின் பட்டியலில் இருந்ததென்றால் பதிவு. மூலமே தெரியாவிட்டால் 'ஆம்' போடலாம். உறுதியாகத் தெரியாத இடத்தில் 'கசிவு' என்று போட்டு மூடுவதுதான் வழக்கமாகிவிட்டது, அதைத்தான் விடவேண்டும்.

இதே பக்கங்கள் 'தாமதம்' என்ற சொல்லையும் பாடாய்ப் படுத்துகின்றன. பஸ் தாமதமாகும். பரீட்சையைத் திணைக்களம் பிற்போடும். ஜிடிஏ 6ஐ முதலில் 2026 மே 26க்கும், பிறகு 2025 நவம்பர் 6இல் விட்ட அறிவிப்பில் 2026 நவம்பர் 19க்கும் மாற்றியது நிறுவனம் தானே யோசித்து எடுத்த முடிவு. நம் பத்திரிகைகள் ஒவ்வொரு பரீட்சைக்கும் தவறாமல் 'பிற்போடப்பட்டது' என்று எழுதுகின்றன. கேம் என்று வந்தால் மட்டும் 'தாமதமாகியது' ஆகிவிடுகிறது, என்னவோ கொடிகாமத்தில் ரயில் நின்றுவிட்டது போல.