போர்க்கப்பல்கள் மோதாமல் இருக்க ஓர் ஒப்பந்தம்

வணிகக் கப்பலில் வாட்ச் (காவல் பணி) பார்ப்பவர்களுக்கு இது பழகிப்போன விஷயம். தென்சீனக் கடலில் ரேடாரில் ஒரு புள்ளி தெரியும், கப்பல்களின் அடையாளத்தைத் தானாக அறிவிக்கும் ஏஐஎஸ் கருவியில் பெயர் வராது. போர்க்கப்பல்தான். சில மைல் பின்னால் அதையே தொடர்ந்து வரும் இன்னொரு பெயரில்லாப் புள்ளி. ஒன்று அமெரிக்கா, ஒன்று சீனா என்று ஊகித்துக்கொண்டு, நாங்கள் பாட்டுக்கு ஒதுங்கிப் போய்விடுவோம். கரையில் இருப்பவர்கள் ‘போர் மூளுமா’ என்று கேட்பார்கள். போர் முடிவு தலைநகரங்களில் எடுக்கப்படுவது. எங்களுக்குப் பயம், யாரும் முடிவெடுக்காமலே மோதிக்கொள்வதுதான்.

1967 மே மாதம் ஜப்பான் கடலில் ‘வாக்கர்’ என்ற அமெரிக்க நாசகாரிக் கப்பலோடு அடுத்தடுத்து இரண்டு நாளும் சோவியத் கப்பல்கள் உரசின. மறு ஆண்டு நார்வே கடலில் ‘எஸெக்ஸ்’ விமானந்தாங்கிக் கப்பல் அருகே தாழப் பறந்த சோவியத் குண்டுவீச்சு விமானம் கடலில் விழுந்தது. இப்படியே போனால் என்னாகும் என்று இரு தரப்புக்கும் உறைத்தது. 1972 மே 25 அன்று மாஸ்கோவில் அமெரிக்கக் கடற்படைச் செயலர் ஜான் வார்னரும் சோவியத் அட்மிரல் கோர்ஷ்கோவும் கடல் சம்பவங்கள் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள்.

எந்தக் கடல் யாருடையது என்ற பேச்சே அதில் கிடையாது. எதிர்க்கப்பலை நோக்கிப் பீரங்கியைத் திருப்பாதே, அதன் பிரிட்ஜ் (கப்பலை இயக்கும் மேல்தள அறை) மீது தேடுவிளக்கை அடிக்காதே என்று மாலுமிக்குப் புரியும் சங்கதிகள்தான். விளக்கு விஷயம் அற்பமாகத் தெரியலாம். இருட்டுக்குக் கண் முழுதாகப் பழக 20, 30 நிமிடமாகும். ஒரே வெளிச்சத்தில் அத்தனையும் போய்விடும். அந்த நேரத்தில் கொடுக்கிற சுக்கான் உத்தரவை நினைத்துப் பாருங்கள்.

அதைவிட முக்கியம், ஆண்டுக்கொரு முறை இரு கடற்படை அதிகாரிகளும் நேரில் உட்கார்ந்து புகார்களைப் பேச வேண்டும் என்ற ஏற்பாடு. 1979-இல் ஆப்கானிஸ்தானுக்குள் சோவியத் படை நுழைந்த பிறகும் ஒப்பந்தம் முறியாமல் நிலைத்தது. ஆனால் மேலிடமே இடிக்கச் சொன்னால் எந்தக் காகிதமும் தடுக்காது. 1988 பிப்ரவரியில் கருங்கடலில் ‘யார்க்டவுன்’, ‘காரன்’ என்ற அமெரிக்கக் கப்பல்களைச் சோவியத் கப்பல்கள் வேண்டுமென்றே இடித்தன.

சீனாவோடு நிலைமை வேறு. 2014-இல் சீனாவின் சிங்தாவோ நகரில் பல நாட்டுக் கடற்படைகள் ஏற்றுக்கொண்ட, கடலில் எதிர்ப்படும்போது நடந்துகொள்ளும் விதிகள் விருப்பப்பட்டால் கடைப்பிடிப்பவை. 2018-இல் ‘டிகேட்டர்’ என்ற அமெரிக்க நாசகாரிக் கப்பலுக்குச் சுமார் 40 மீட்டர் வரை ஒரு சீனக் கப்பல் நெருங்கியது. பாதுகாப்பு விதி வகுத்துக் கொடுத்தால் அமெரிக்கர்கள் இன்னும் தைரியமாக வாசலுக்கே வருவார்கள் என்பது பெய்ஜிங்கின் கணக்கு. அதில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் 2022 ஆகஸ்டில் அப்போதைய அமெரிக்க நாடாளுமன்றக் கீழவைத் தலைவர் நான்சி பெலோசி தைவான் போனதும் சீனா நிறுத்தியவற்றில் கடல் பாதுகாப்புப் பேச்சும் ஒன்று. எது மிக அவசியமோ அதையும் வெட்டினார்கள்! 2023 நவம்பரில்தான் ராணுவத் தொடர்பை மீண்டும் தொடங்க பைடனும் ஷி ஜின்பிங்கும் ஒப்புக்கொண்டார்கள்.

இன்னொரு ஓட்டை, சிங்தாவோ விதிகள் கடற்படைகளுக்கானவை. கடலோரக் காவல்படைக்கு அல்ல. இப்போது முன்னால் வந்து நிற்பதோ பெரும்பாலும் அந்த வெள்ளைக் கப்பல்கள்தான். 2025 ஆகஸ்டில் தென்சீனக் கடலின் ஸ்கார்பரோ திட்டு அருகே பிலிப்பைன்ஸ் படகை விரட்டிப்போன சீனக் காவல்படைக் கப்பல், தன் நாட்டு நாசகாரிக் கப்பலோடேயே மோதி முகப்பு நசுங்கியது.